கூறு போட்ட நெஞ்சுவலி

கூத்தன்குட்டைக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவர்களுடைய அறிவு மடிப்புக் கலையாமல் புத்தம்புதுசாக இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரன் கொளஞ்சி. ஆள் தேக்கு மரம் மாதிரி இருப்பான். நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுவான். போட்ட கையோடு அங்கேயே உட்கார்ந்து, "ஐயோ, நெஞ்சை அடைக்குதே" என்பான். ஏப்பம் வந்தால் ஈரல் போச்சு, வராவிட்டால் குடல் போச்சு. பக்கத்து ஊரில் யாருக்கோ மஞ்சள் காமாலை என்று காதில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் குழம்பு வைக்கக் கூடாது, அதில் மஞ்சள்தூள் போடுகிறார்களாம். ஒரு கை வேலை செய்யும், இன்னொரு கை அந்தக் கையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்தப் பயம் அவனுக்கு நிஜம். நெஞ்சு படபடக்கும்போது அவன் முகம் வெளுத்துப்போவது நடிப்பில்லை, பாவம்.

அவன் பெண்சாதி செவ்வந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் துணிமூட்டையைக் கட்டிவிட்டாள்.

"தெனம் தெனம் சாவற ஆளோட எத்தினி நாளைக்கிய்யா குடும்பம் நடத்துறது? எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன். அமாவாசை கழிச்சி வருவேன். வாசல்ல நின்னு 'எப்பிடி இருக்க'ன்னு கேப்பேன். 'நல்லா இருக்கேன்'னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு நோவு பேரு உன் வாயில வந்துதோ, அப்பிடியே திரும்பிப் போயிடுவேன். அப்பறம் வரவே மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் அவள். அவள் இல்லாத வீட்டில் கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததால் தொண்டையில் கட்டி என்று ஒரு புதுக் கவலையும் சேர்ந்துகொண்டது.

கொளஞ்சிக்கு மூன்று கூட்டாளிகள்: சடையன், அய்யாக்கண்ணு, பொன்னுரங்கம். பண்டிகை வந்தால் நாலு பேரும் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி, அறுத்து, இலை விரித்துக் கறியைக் கூறு போட்டுப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. செவ்வந்தி போன சேதி கேட்டு மூவரும் உருகிப்போய், கொளஞ்சியை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகச் சோதித்தார். அதைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்லை, கொளஞ்சி. பயம்தான் உங்களைப் படுத்துது. பயமும் நிஜமான தொந்தரவுதான், அதுக்கும் வைத்தியம் உண்டு. முதல்ல, நீங்க நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறதை விடுங்க. கவலை வந்தா, சாயங்காலம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடுங்க. சாயங்காலம் கொஞ்ச நேரம் அதுக்குன்னு ஒதுக்குங்க." பிறகு கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். "இவர் கேட்கும்போதெல்லாம் 'உனக்கு ஒண்ணும் இல்லை'ன்னு தேறுதல் சொல்லாதீங்க. சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேதான் இருப்பார். ஆனா தனியா விடாதீங்க, அவர் கவலையில நீங்களும் பங்கு எடுத்துக்குங்க. அமாவாசைக்கு அப்புறம் வாங்க, மனநல டாக்டர் வருவார்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்தத் தெளிவுதான் வினையாகப் போயிற்று.

வரும் வழியிலேயே கொளஞ்சியின் விரல் மணிக்கட்டுக்குப் போனது. சடையன் பட்டென்று அடித்தான்.

"தொடாத! டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"தொட்டுப் பாக்கலன்னா ஓடுதா நின்னுபோச்சான்னு எப்பிடிடா தெரியும்?"

நாலு பேரும் நடுரோட்டில் நின்று யோசித்தார்கள். பின்னால் வந்த மாட்டுவண்டியும் அவர்களோடு சேர்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

"அவனைத்தான தொடாதன்னாங்க? நம்மள ஒண்ணும் சொல்லலியே" என்றான் பொன்னுரங்கம்.

அன்றிலிருந்து கொளஞ்சியின் நாடியைக் கூட்டாளிகள் முறை வைத்துப் பிடித்தார்கள். அவன் ஏர் ஓட்டினால் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே உழவில் நடந்தான். குளத்தில் முங்கினால் கூடவே முங்கினான்.

"டேய், எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கொளஞ்சி கேட்பான்.

"அப்பிடிச் சொல்லக் கூடாதாம்" என்பான் சடையன்.

"அப்ப எதுனா இருக்கா?"

"அப்பிடிச் சொல்லக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலியே. இருக்குன்னே வச்சிக்கியேன்."

கொளஞ்சிக்கு நாடி எகிறும். அந்த நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பவன், "ஆமாண்டா, ஓட்டமா ஓடுது" என்று நல்ல சேதியும் சொல்வான்.

சாயங்காலக் கவலையை அதைவிடச் சிரத்தையாக நடத்தினார்கள். வெயில் சாய்ந்ததும் மூவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்வார்கள். ஒரு நாள் கொளஞ்சி மாட்டுக்குத் தவிடு கலக்கும் வேலையில் கவலையை மறந்தே போய்விட்டான். அய்யாக்கண்ணுவுக்கு வந்ததே கோபம்.

"நாங்க வேல வெட்டிய உட்டுட்டு வந்து குந்தியிருக்கோம். நீ பாட்டுக்குச் சந்தோசமா இருக்க? கவலப்படுடா!"

"வர மாட்டேங்குதே."

"மண்டையில கட்டின்னு நெனச்சிப் பாரேன்" என்று பொன்னுரங்கம் எடுத்துக் கொடுத்தான். ஒருவழியாகக் கவலை வந்தது. வந்தது விடியும்வரை போகவில்லை.

அமாவாசை நெருங்கிவிட்டது. கொளஞ்சி துரும்பாக இளைத்துப்போனான். "அவ வந்து கேப்பா. வாயத் தொறந்தா நெஞ்சுவலிதான்டா மொதல்ல வரும். அவ போயிடுவாடா" என்று குலுங்கி அழுதான். அப்போதுதான் சடையனுக்கு டாக்டரம்மா சொன்ன இன்னொரு வார்த்தை ஞாபகம் வந்தது.

"பங்கு எடுத்துக்கச் சொன்னாங்களேடா! நாம இன்னும் கூறே போடலியே!"

உடனே வாழையிலை வந்தது, புளியங்கொட்டை வந்தது. ஒரு நோய்க்கு ஒரு கொட்டை. கொளஞ்சி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அய்யாக்கண்ணு கொட்டையை வைத்தான். மூச்சு வாங்கல், முட்டி வீக்கம், ஈரல் சந்தேகம், கால் மரத்துப்போதல், பேர் தெரியாத ஒன்று. நெஞ்சுவலிக்கு மட்டும் ஒரு கருங்கல்.

"நெஞ்சுவலி வர்ற கூறுல ஈரலையும் வச்சா அது அநியாயம்" என்றான் பொன்னுரங்கம். "மத்தவங்களுக்கு வெறும் எலும்பா வரும்."

"நெஞ்சுவலியக் கொத்திப் பிரிச்சிடலாமா?" என்றான் அய்யாக்கண்ணு.

"கொத்துனா ருசி போயிடும்டா. முழுசாவே இருக்கட்டும். அந்தக் கூறுல வேற எதுவும் வைக்காத, சரியாப் போயிடும்."

"எனக்கு?" என்றான் கொளஞ்சி.

"ஆட்டுக்காரனுக்குத் தலதான வழக்கம்? நீ தலவலிய வச்சிக்க."

சடையன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பொன்னுரங்கம் ஒரு குச்சியால் ஒவ்வொரு கூறாகத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க, சடையன் திரும்பிப் பார்க்காமல் பேர் சொன்னான். கறி பிரிக்கும்போதும் அப்படித்தான், பாரபட்சம் கூடாது பாருங்கள். நெஞ்சுவலி சடையனுக்கே விழுந்தது. அதிர்ஷ்டக்காரன் என்று மற்ற இருவரும் முணுமுணுத்தார்கள்.

வாங்கிய பங்கை வீணாக்கும் பழக்கம் கூத்தன்குட்டையில் கிடையாது. சடையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தான். அய்யாக்கண்ணு முட்டிக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு, ஏறாத மூச்சை ஏற்றி இறக்கினான். பொன்னுரங்கம் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, வலிக்கிறதே, இன்னும் மரக்கவில்லையே என்று விசாரப்பட்டான்.

கொளஞ்சி தலைவலிக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. நாடி பிடிக்கவும் ஆள் இல்லை, ஆட்கள் தங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சாப்பிட்டான், தூங்கினான். ஆனால் மனசு கேட்கவில்லை. தினமும் மூன்று வீட்டுக்கும் போய் மேற்பார்வை பார்த்தான்.

"சடையா, வலி இடது பக்கம்டா. நீ வலது பக்கம் புடிச்சிருக்க. எத்தினி வருசமா நான் பாத்துப் பாத்து வச்சிருந்தது, இப்பிடிக் கெடுக்கிறியே!"

அமாவாசை கழிந்தது. கூட்டாளிகள் மூவரும் கொளஞ்சி வீட்டு வேப்பமர நிழலில் ஆளுக்கொரு பாயில் முனகிக்கொண்டிருக்க, செவ்வந்தி வந்து வாசலில் நின்றாள்.

"எப்பிடி இருக்க?"

கொளஞ்சியின் நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. வாயைத் திறந்தான். நெஞ்சு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பாயில் கிடந்த சடையன் அவனை ஒரு முறை முறைத்தான். சரிதானே, அது அவன் பங்கு. அடுத்தவன் சொத்தில் கை வைக்கலாமா?

"நல்லா இருக்கேன்" என்றான் கொளஞ்சி.

செவ்வந்தி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துணிமூட்டையை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"இவங்களுக்கு என்ன?" என்று கேட்டாள். கொளஞ்சி வாயை இறுக மூடிக்கொண்டான்.

"உன் ஊட்டுக்காரனோடதுதான் தங்கச்சி" என்று சடையன் முனகினான். "பத்தரமா வச்சிருக்கோம்."

செவ்வந்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அம்மாடி, வெயில்ல நடந்து வந்தது காலு ரெண்டும் வலிக்குது."

வேப்பமரத்தடியில் முனகல் நின்றது. மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"வலியா?" என்றான் அய்யாக்கண்ணு. பதிலுக்குக் காத்திராமல் முட்டிவலியோடு வாழைமரத்துக்கு ஓடினான்.

அதுவரை மூடியிருந்த கொளஞ்சியின் வாய் திறந்தது. "டேய், எம் பொண்டாட்டி காலுடா! ரெண்டும் எனக்குத்தான்!"

"அதெப்பிடி? நெஞ்சையே குடுத்தவன் காலுக்கு அழுவுறியே" என்றான் பொன்னுரங்கம்.

செவ்வந்தி திட்டத்தான் வாயெடுத்தாள். சிரிப்புதான் வந்தது. அதற்குள் இலை விரித்தாயிற்று. சடையன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். பொன்னுரங்கம் குச்சியை நீட்டி அவளுடைய இடது கால் கட்டைவிரலைக் காட்டி, கணீரென்று கேட்டான்:

"இது யாருக்கு?"