முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கட்டை

"தண்ணி வேண்டாங்க சாமி" என்றாள் நாச்சம்மாள்.

பந்தல் சாமி சொம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே நின்றாள்.

மலையடிவாரத்தில் தார் ரோடு வளைகிற இடத்தில் அவளுடைய தண்ணீர்ப் பந்தல். நான்கு மூங்கில், மேலே கீற்று, கீழே ஒரு பெரிய மண்பானை. எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. ஊர் அவளைச் சாமி என்று கூப்பிட்டது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் நேரம் ஏது? தரை கோணலாக இருந்ததால் பானை ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு காலால் அதற்கு முட்டுக் கொடுத்தபடிதான் வருகிறவர்களுக்கு மொண்டு கொடுப்பாள்.

நாச்சம்மாளுக்கு நாற்பத்தாறு. தன்னைவிடச் சின்னவளைச் சாமி என்று கூப்பிட ஒரு மாதம் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

"ஏக்கா, தாகமில்லையா?"

"தாகம் இருக்குதுங்க. குடிச்சா போகோணும். போக முடியாதுங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பனியன் கம்பெனியில் அவளுடைய லைனில் முப்பத்தெட்டுப் பெண்கள். கக்கூசுக்குப் போக ஒரே ஒரு கட்டை. சிவப்புப் பெயிண்ட் அடித்த, உள்ளங்கை அகல மரக்கட்டை. கயிறு கோத்து ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எழுந்து போக வேண்டும். ஒருத்தி போய்த் திரும்பும்வரை மற்ற முப்பத்தேழு பேரும் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும்.

"திருட்டு மேய்ச்சலுக்குப் போற மாட்டுக்குத்தான் சாமி கழுத்துல கட்டை கட்டுவாங்க. எங்களுக்கும் கட்டிட்டாங்க."

"உடம்புக்கு என்ன?"

"நீர்க்கடுப்புங்க. இன்னும் அடக்குனா கிட்னி போயிரும்னு டாக்டரம்மா திட்டறாங்க."

"சூப்பர்வைசர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. இன்னொரு கட்டை குடுத்தா ரெண்டு பேரு சேந்து போயி ஊர்க்கதை பேசுவீங்கன்னு சொல்லிட்டாரு. எம் பையன் வயசு. வா, போன்னுதான் பேசுவாரு."

"அவர் மேல கோபமா?"

நாச்சம்மாள் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஜோதிமணி மேலதானுங்க கோபம். பக்கத்து மெஷினு. கட்டைய எடுத்துட்டுப் போனா பத்து நிமிஷம் ஆக்கறா. மூணு வாரமா அவகூடப் பேச்சில்லீங்க."

சாமி அப்போதுதான் சொம்பைக் கீழே வைத்தாள்.

"பொறுத்துப் போறதா, வேலைய உட்டுப் போறதா? நீங்களே சொல்லுங்க சாமி. உட்டா இந்த வயசுல வேற யாரு சேத்துக்குவாங்க?"

"அந்தக் கட்டையைக் கொண்டாங்க. பார்க்கணும்."

நாச்சம்மாள் கம்பெனி கேட்டை நினைத்தாள். கேட்டில் பையைத் துழாவி, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். இருபது வருஷத்தில் ஒரு நூல்கண்டுகூட எடுத்தவள் இல்லை அவள். ஆனாலும் சாமி கேட்டுவிட்டாளே.

அன்று சாயங்காலம் கடைசியாகக் கக்கூசுக்குப் போனவள், கட்டையைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். தாலிக்கயிற்றோடு அதுவும் ஒரு கயிறாகக் கிடந்தது. வாட்ச்மேன் பையைப் பார்த்தான், டிபன் பாக்ஸைப் பார்த்தான். கழுத்தைப் பார்க்கவில்லை.

விடிந்ததும் பந்தலுக்கு ஓடினாள்.

"பாத்துட்டுக் குடுத்துருங்க சாமி. எட்டரைக்குள்ள ஆணியில மாட்டிரோணும்."

சாமி கட்டையை வாங்கி இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள். குனிந்தாள். பானையைச் சாய்த்து, அதன் அடியில் கட்டையைச் செருகினாள். பிறகு மூன்று குடம் தண்ணீரைப் பானை தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

முட்டுக் கொடுத்த காலை எடுத்துப் பார்த்தாள். பானை ஆடவில்லை.

"ஒரு வருஷமா ஆடிட்டு இருந்துச்சு" என்றாள்.

"சாமி! அது கம்பெனிக் கட்டைங்க!"

"ஆமா."

"என் வேலை போயிருமுங்க!"

சாமி சொம்பை நீட்டினாள். "குடிங்க."

நாச்சம்மாள் பானையை அசைத்துப் பார்த்தாள். நிறைந்த பானை, ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. இந்தப் பைத்தியத்தைப் போய்ச் சாமி என்று நம்பினோமே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வாங்கிக் குடித்தாள். சாமி மறுபடி மொண்டாள். அதையும் குடித்தாள். மூன்றாவது சொம்புக்குப் பிறகுதான் சாமி விட்டாள்.

எட்டரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது.

"கட்டை எங்கே?" என்றார் சூப்பர்வைசர்.

தலைகள் மெஷினுக்குக் குனிந்தன.

"புதுசு நாளைக்குத்தான் வரும். எடுத்தவ யாருன்னு தெரியற வரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தாள் நாச்சம்மாள். ஒன்பதரை ஆனது. பத்தேகால் ஆனது. அடிவயிறு கல்லாகிவிட்டது. தையல் இரண்டு தரம் கோணிப் போனது.

முன்வரிசையில் மேகலா, ஐந்து மாதக் கர்ப்பிணி, உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்தாள். அவள் காதோரம் வியர்த்து வழிவது இங்கிருந்தே தெரிந்தது. எல்லாம் என்னால்தான் என்று நாச்சம்மாள் உள்ளுக்குள் வெந்தாள்.

மற்ற நாளென்றால், ஆணி காலியாக இருக்கும்போது எல்லாக் கண்ணும் போனவள் வரும் வழியைப் பார்த்துக் கறுவிக்கொண்டிருக்கும். இன்றைக்குப் போனவள் என்று யாருமில்லை. கண்கள் ஆணியைப் பார்த்தன, கதவைப் பார்த்தன, எங்கே போவதென்று தெரியாமல் சுற்றின. கடைசியில் சூப்பர்வைசர் மேல் போய் நின்றன.

பதினொன்று ஆனதும் நாச்சம்மாளால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூன்று சொம்புத் தண்ணீர் முந்திக்கொண்டது.

"ஒண்ணுக்குப் போகோணும்."

"கட்டை இல்லாமப் போயிருவியா நீ?"

அவள் உட்காரவில்லை.

பின்னால் ஒரு மெஷின் நின்றது. முன்வரிசையில் மேகலாவின் மெஷின் நின்றது. பிறகு அங்கொன்று, இங்கொன்று. இருபது வருஷமாகக் காதில் ஓடிய தடதடப்பு குறைந்து குறைந்து, மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த விசிறிகளுக்குச் சத்தம் உண்டென்றே நாச்சம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் நடைவழியில்தான் நின்றார். முப்பத்தெட்டுப் பேர் வரும் வழியில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஒதுங்கினார்.

கக்கூஸ் கதவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் ஜோதிமணி. தாழ்ப்பாளில் கை வைத்தவள் நின்று, திரும்பினாள்.

"மேகலா மொதல்ல போகட்டும்" என்றாள்.

பிறகு, மூன்று வாரமாகப் பார்க்காத நாச்சம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்தாப்ல நீங்க போங்கக்கா. நான் நிக்கறேன்."