அக்கரை அரசனை விடாதே!

ஆற்றுக்கு இந்தப் பக்கக் காட்டை ஒரு யானை ஆண்டான். அந்தப் பக்கக் காட்டை ஒரு கரடி ஆண்டான். யானையின் காட்டில் பலா மரங்கள் உண்டு, உப்பு மண் கிடையாது. கரடியின் காட்டில் உப்பு மண் மேடு உண்டு, பலா கிடையாது. துறையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆகவே பலா அங்கே போகும், உப்பு இங்கே வரும். எல்லோரும் சுகமாக இருந்தார்கள். அரசர்களுக்கு அது பொறுக்குமா?

ஒரு நாள் பலாப்பழ விருந்து நடந்தது. யானை அரசன் தன் வீரத்தைப் பற்றிப் பேசினான். பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் கரடி அரசன் வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்று விட்டான்.

“கொட்டாவியா! என் பேச்சுக்கா!” யானையின் காதுகள் விறைத்தன. “இனி அந்தக் காட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது! அந்தக் கரடி வந்து என் காலில் விழட்டும்!”

அமைச்சர் ஓணான் தலையை ஆட்டியது. அதற்கு வேறு வேலை தெரியாது.

மைனா மரத்துக்கு மரம் பறந்து உத்தரவை அறிவித்தது. “அக்கரைப் பொருள் எதையும் விடாதே! அக்கரை அரசனை விடவே விடாதே!”

துறையைக் காக்கக் கூரன் என்ற முள்ளம்பன்றியை நிறுத்தினார்கள். கூரன் உத்தரவை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தவன். யாராவது அதற்கு அர்த்தம் கேட்டால்தான் அவனுக்குக் கோபம் வரும்.

இந்தத் தடையால் கரடி மெலிந்தானோ இல்லையோ, பொட்டழகி என்ற புள்ளிமானின் குட்டி மெலிந்தது. பிறந்ததிலிருந்தே அது நோஞ்சான். உப்பு மண்ணை நக்கித்தான் அதன் காலில் கொஞ்சம் பலம் ஏறியிருந்தது. இப்போது எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆற்றைத் தாண்டி அதை நடத்திப் போக வழியில்லை. தாய்தான் ஒரு கட்டி உப்பு மண்ணைக் கவ்விக்கொண்டு வர வேண்டும்.

வந்தாள். துறையில் கூரன் மறித்தான்.

“நில்! வாயைத் திற!”

திறந்தாள். கட்டி தண்ணீரில் விழுந்து கரைந்தது.

“அண்ணே, என் பிள்ளை எழுந்திரிக்க முடியாமக் கிடக்கு. ஒரு கட்டி மண்ணுதானே!”

“அக்கரைப் பொருள்! நாக்கை நீட்டு! குளம்பைத் தூக்கு! இடுக்கில் ஒட்டியிருப்பதும் இறக்குமதிதான், கழுவிவிட்டுப் போ!”

அவள் குளம்பைக் கழுவிக்கொண்டிருந்தபோதே ஒரு குரங்கு பெரிய உப்புக் கட்டியோடு வந்தது.

“இது எங்கே எடுத்தது?” என்று கூரன் அதட்டினான்.

“ஆத்து நடுவுல இருக்கிற திட்டுல!”

“திட்டா? அது அக்கரை இல்லையே. போ, போ!”

அந்தத் திட்டு வெறும் பாறை. பாசியைத் தவிர அதில் எதுவும் முளைத்ததில்லை. தடை வந்த மறுநாளே அதில் உப்பு விளைய ஆரம்பித்துவிட்டது! ஒரு கட்டிக்கு ஒரு முழுப் பலாப்பழம் என்று குரங்குகள் விலை வைத்தன. அந்தப் பழங்களும் அதே திட்டு வழியாகக் கரடியிடம் போய்ச் சேர்ந்தன. தடையில் வாடி வதங்க வேண்டிய கரடிக்குத் தொப்பை போட்டது. பலா பறிக்கக் கையில்லாத பொட்டழகி எங்கே போவாள்?

உச்சி வேளையில் யானை அரசன் துறைக்கு வந்தான். தினமும் அவன் எதிரி நாட்டை நேரில் ஆய்வு செய்யப் போவது வழக்கம். தும்பிக்கை நிறைய உப்பு மண்ணோடு, கடைவாயில் ஒழுக ஒழுகத் திரும்புவான். கூரன் வழிவிட்டு நிற்பான்.

பொட்டழகி, கூடவே வந்த ஓணானைக் கேட்டாள். “அமைச்சரே, அது மட்டும் உப்பு இல்லையா?”

“சீச்சீ! அது ஆதாரம்!” என்றது ஓணான். “எதிரியின் உப்பு எவ்வளவு மட்டம் என்பதற்கு ஆதாரம்!” தலையும் ஆட்டியது.

அன்று மாலை அவள் குட்டியின் பக்கத்தில் படுத்து, புல்லோடு சேர்த்து அந்த உத்தரவையும் அசைபோட்டாள். அக்கரைப் பொருள், அக்கரை அரசன். மறுபடி மறுபடி அசைபோட்டாள். திடீரென்று அவள் காது நிமிர்ந்தது.

விடிந்ததும் கூரனிடம் போனாள். “அண்ணே, உங்களைப் போல நேர்மை யாருக்கு வரும்! ஆனா காட்டுல பேச்சு வேற மாதிரி இருக்கு.”

“என்ன பேச்சு?”

“கடத்தல் கிளம்புறது அந்தப் பக்கத்துல, கூரன் அண்ணன் இந்தப் பக்கம் நின்னு ஈ ஓட்டுறாருன்னு சிரிக்கிறாங்க!”

கூரனின் முட்கள் சிலிர்த்தன. “நானா ஈ ஓட்டுகிறேன்? கிளம்பும் இடத்திலேயே பிடிக்கிறேன் பார்!” விறுவிறுவென்று ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கரையில் போய் நின்றுகொண்டான்.

பொட்டழகியும் பின்னாலேயே போனாள். உப்பு மேட்டில் ஒரு கட்டியைக் கவ்வி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“நில்! இது என்ன?”

“உப்பு மண்ணு. நாம எங்கே நிக்கிறோம் அண்ணே?”

“இங்கே.”

“இங்கேன்னா எந்தக் கரை?”

“இந்தக் கரை. இக்கரை.”

“அப்ப அக்கரை எது?”

கூரன் மூக்கைத் தூக்கி ஆற்றுக்கு அப்பால் பார்த்தான். அங்கே அவனுடைய சொந்த ஊர்ப் பலா மரங்கள் தெரிந்தன. உத்தரவை முணுமுணுத்துப் பார்த்தான். ஓர் எழுத்துக்கூட இடிக்கவில்லை.

“அதுதான் அக்கரை! இது இக்கரைப் பொருள். எடுத்துப் போ!”

பொட்டழகி பறந்தாள். குட்டி உப்பை நக்கியது, இன்னும் கொடு என்று முட்டியது. அவள் போனாள், வந்தாள், மறுபடி போனாள். யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

குரங்குகள் பலாப்பழத்தோடு வந்தன. “அக்கரைப் பொருள்!” என்று கூரன் விரட்டியடித்தான். தடை போட்டதிலிருந்து கரடிக்குப் பலா கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உச்சி வேளையில் யானை அரசன் ஆய்வுக்குக் கிளம்பி வந்தான்.

“நில்!” என்றான் கூரன். “யார் நீ? எங்கிருந்து வருகிறாய்?”

“அட மடையா! நான்தான் உன் அரசன்! அதோ அந்தக் கரையிலிருந்து வருகிறேன்!”

“அக்கரை அரசனா!” கூரனின் உடம்பு கடமையில் புல்லரித்தது. “விடவே மாட்டேன்!” முதுகைக் காட்டித் திரும்பினான், பின்பக்கமாகப் பாய்ந்தான். தும்பிக்கை முழுக்க முள். யானை பிளிறிய பிளிறலில் மரத்திலிருந்த பழங்கள் உதிர்ந்தன.

அரசன் ஓட்டமாக ஓடி வந்து, தன்னை விடச் சொல்லி உத்தரவை மாற்றினான். மைனா ஆற்றைத் தாண்டிப் பறந்து போய்ப் புது உத்தரவைக் கூரனிடம் அறிவித்தது.

“இந்த உத்தரவு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டான் கூரன்.

“அக்கரையிலிருந்து!”

“அப்படியென்றால் வாங்க மாட்டேன். திருப்பி எடுத்துப் போ!”

அரசனின் தும்பிக்கை வீங்கியது. உப்பில்லாமல் கால் தளர்ந்தது. கடைசியில் பொட்டழகியிடம் வந்து குழைந்தான். “அம்மா, ஒரு கட்டி...”

“எது அரசே? ஆதாரமா?”

“உப்பு,” என்றான் அரசன் மெதுவாக.

அவள் கொடுத்தாள். உப்பில்லாத வேதனை அவளுக்குத் தெரியாதா? “ஆனா தினமும் என்னால உங்க வயித்துக்குச் சுமக்க முடியாது. கூரன் அண்ணன் தான் நிக்கிற கரைச் சொல்லைத்தான் கேட்பார். அங்கே அரசன் யாருன்னு உங்களுக்கே தெரியும்.”

யானை அரசன் ஆற்றின் நடுவில் போய் நின்று, தடையை நீக்கச் சொல்லும்படி கரடிக்குக் குரல் கொடுத்தான். கரடி ஆடி அசைந்து கரைக்கு வந்து, “காது சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் குனிந்து சொல்” என்றான். காடு முழுக்கப் பார்த்திருக்க யானை அரசன் தண்ணீரில் மண்டியிட்டான். கரடி நிதானமாக ஒரு கொட்டாவி விட்டான். பிறகுதான், “கூரா, தடை இல்லை, எல்லாவற்றையும் விடு!” என்றான்.

“நம் தடைக்கு மாபெரும் வெற்றி! ஆகவே அதை நீக்குகிறோம்!” என்று மைனா மரத்துக்கு மரம் அறிவித்தது. ஓணான் தலையை ஆட்டியது. பொட்டழகியின் குட்டி நடுங்கும் கால்களை ஊன்றி, எழுந்து நின்று, துறையில் இறங்கித் தண்ணீரைச் சிதறடித்தது. அவள் ஆனந்தத்தில் அழுதுவிட்டாள்.

எதிரியைப் பட்டினி போடப் பிறக்கும் உத்தரவு, முதலில் தன் காட்டுப் பிள்ளைகளின் வாயைத்தான் கட்டும். அதைப் போட்டவனே மண்டியிடும்வரை அவிழாது.