பூனை மீசை எண்ணிய ராஜா

செம்மேட்டு நாட்டை மாவழுதி ராஜா ஆண்டபோது அங்கே வீட்டுக்கு வீடு ஒரு படப்பெட்டி இருந்தது. ராஜா காலத்தில் ஏது மின்சாரம் என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை இங்கேயே அணைந்துவிடும்.

பெட்டி பழசு, படமும் கலங்கல்தான். ஆனாலும் பட்டாபிஷேக நாள் காலையில் நாடு முழுக்க ஒரே படம் ஓடும்: ராஜா இளவயதில் புலி வேட்டையாடிய படம். அவர் ஈட்டியை ஓங்கும்போது குடும்பத்தோடு எழுந்து நின்று பெட்டிக்கு ஆரத்தி எடுக்க வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம். அந்தப் படத்துக்குப் பயந்துதான் பக்கத்து நாட்டுக்காரன் எல்லைப் பக்கமே வருவதில்லை. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து, ராஜாவே அதை முழுசாய் நம்பிவிட்டார்.

ஒரு வருஷம், விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, குபேந்திரன் என்ற வியாபாரி கடல் தாண்டி வந்தான். சபை நடுவில் புதுப் பெட்டி ஒன்றை வைத்து, ஒரு பூனைப் படத்தை ஓட்டினான்.

"மீசையை எண்ணிக்கொள்ளுங்கள், மகாராஜா!"

ராஜா எண்ணினார். "பன்னிரண்டு! அந்தப் பக்கமும் பன்னிரண்டு!" சிம்மாசனத்திலேயே ஒரு குதி குதித்தார். "பூனைக்கே இப்படி என்றால் என் புலிக்கு எப்படி இருக்கும்! இனி வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டிதான்!"

"விலை?" என்றான் அரசவை விகடகவி நயினான்.

"பெட்டி நூறு பொன்," என்றான் குபேந்திரன். "படத்தட்டு ஓட்டும் கருவி நாற்பது. பழைய தட்டு இதில் ஓடாது, புதுத் தட்டு பத்து. பழைய கம்பியும் ஒத்துவராது, அதற்கு ஐந்து."

"பார்க்கிற கண்ணாவது பழசு போதுமா அண்ணே?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "வாய் ரொம்ப நீளுகிறது, நயினா. எல்லா வீட்டையும் வாங்கவைக்கும் பொறுப்பு உன்னுடையது. விழா நாளில் ஒரே ஒரு வீட்டில் பழைய பெட்டி ஓடினாலும், நீ நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

நயினான் தெருவில் இறங்கினான். முதல் வீடு, எண்ணெய் ஆட்டும் காத்தாயி வீடு.

"அம்புட்டுப் பொன்னுக்கு என் செக்குமாட்டத்தான் விக்கணும் சாமி. வித்துட்டு, செக்குல அந்தப் பெட்டியவா பூட்டுறது?"

நயினானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாடு திரும்பி அவனைப் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே மாடு போகும், அடுத்த வீட்டில் தறி போகும். எதுவும் போகாவிட்டால் அவன் போவான்.

நேரே வியாபாரியிடம் போனான். "அண்ணே, வேட்டைப் படத்தின் மூலச்சுருள் அரண்மனைப் பெட்டகத்தில் இருக்கிறது. புதுத் தட்டில் ஏற்றினால் எப்படி வரும்?"

"அன்றைக்குப் பதிந்ததெல்லாம் வரும். ஒரு மயிரிழை தப்பாது."

"பேஷ். ஏற்றுங்கள்."

மறுநாள் அரண்மனை உள்ளறையில் ராஜா, நயினான், குபேந்திரன் மூன்றே பேர். படம் ஓடியது. புலி உறுமியது. ராஜா முன்னே நகர்ந்து உட்கார்ந்தார்.

இத்தனை வருஷமாகப் புலியின் பின்னங்காலில் புல் போலத் தெரிந்தது, புல் இல்லை. கயிறு. நல்ல தேர்வடம் போல, மூன்று முடிச்சோடு. கயிறு ஒரு புதருக்குள் போனது. புதருக்குள் ஒரு ஆள்.

"யார் அவன்?" என்றார் ராஜா.

"அடியேன்தான், மகாராஜா. அப்போது தலையில் முடி இருந்தது."

புலி கொட்டாவி விட்டது. ராஜா ஈட்டியை ஓங்கினார். இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"நான் என்ன சொல்கிறேன்? சிவநாமமா?"

"'அம்மா' என்கிறீர்கள். படம் ரொம்பத் தெளிவு."

"நிறுத்து! நிறுத்து!"

வந்த வியாபாரத்தை விடுவானா குபேந்திரன்? "இதற்கென்ன மகாராஜா, படத்தைப் புதுசாய் எடுத்துவிடலாம்! புதுக் காமிரா என்னிடமே இருக்கிறது."

ராஜா முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்! எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். நயினா, வேண்டிய சாமான்களை எழுது."

நயினான் பணிவாக எழுதி, பணிவாகவே வாசித்தான். "புதுக் காமிரா ஒன்று. பெரிய விளக்கு எட்டு. மகாராஜாவுக்குப் புது ஈட்டி ஒன்று. புலி ஒன்று."

ஓலையைச் சுருட்டினான்.

"அவ்வளவுதானா?" என்றார் ராஜா.

"அவ்வளவுதான், மகாராஜா."

ராஜா இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கயிறு?"

"புதுக் காமிராவில் தெரியுமே, மகாராஜா."

ராஜா பெட்டியைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார். பிறகு ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று கட்டிலுக்கடியில் உருண்டது. உத்தரவு ரத்து. குபேந்திரன் வாயைத் திறக்காமலிருக்க ஒரு பட்டுச் சால்வை. நயினானுக்கு ஒரு பெட்டி விலை, நூறு பொன். புதுப் பெட்டியை மட்டும் ராஜா திருப்பித் தரவில்லை, பூனை பார்க்க வைத்துக்கொண்டார்.

விழா நாளில் வேட்டைப் படம் வழக்கம்போலக் கலங்கலாக ஓடியது. காத்தாயி செக்குமாட்டையும் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஆரத்தி எடுத்தாள்.