பிச்சம்மா நர்ஸின் நூறு மார்க்

மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிச்சம்மாதான் மூத்த நர்ஸ். வயது ஐம்பத்திரண்டு. அவருக்குப் பாடம் சொல்லும் ஜெஸிந்தாவுக்கு முப்பது. பாடமெல்லாம் செல்போனில். வீடியோ பார்த்துவிட்டுக் கேள்விக்குப் பதில் தட்டினால் மார்க் வரும். மாதம் ஒருமுறை ஜெஸிந்தா நேரில் வருவார்.

பிச்சம்மா நூற்றுக்கு நூறு. போன மாதக் கூட்டத்தில் சால்வை வேறு போட்டார்கள். பிச்சம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

இன்று ஜெஸிந்தா வந்திருந்தார். காலையில், பிரசவத்துக்கு வந்திருந்த செல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. பிச்சம்மா அதன் முகத்தில் மாஸ்க்கை வைத்து, மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையை அழுத்தினார். நெஞ்சு எழும்பவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம். ஜெஸிந்தா ஓடிவந்து, மடங்கிக் கிடந்த பிஞ்சுக் கழுத்தை நேராக்கி, பையைத் தான் வாங்கி அழுத்தினார். நெஞ்சு எழும்பியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் பிச்சம்மா அழுதுவிட்டார்.

"புள்ளைக்கு மூச்சு குடுக்குற பாடத்தை நான் பாக்கவே இல்ல சிஸ்டர். என் பொண்ணுகிட்ட போனைக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அவதான் எல்லாத்தையும் தட்டுனா."

ஜெஸிந்தா கையுறையைக் கழற்றினார்.

"உசுரு போயிருக்குமே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனி இந்த வேலையைப் பாப்பேன்?"

"உள்ள வாங்கக்கா," என்றார் ஜெஸிந்தா.

செல்லி பிச்சம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்கதாம்மா காப்பாத்துனீங்க. புள்ளைக்கு உங்க பேருதான் வைக்கப்போறேன்."

பிச்சம்மா ஜெஸிந்தாவைப் பார்த்தார். அவரோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"நான் இல்ல தாயி," என்றார் பிச்சம்மா. "எனக்குச் செய்யத் தெரியல. இந்த சிஸ்டர்தான் காப்பாத்துனாங்க."

செல்லி கையை விட்டாள். குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை, பாவம். பயந்துபோய்த்தான் கேட்டாள்.

"என் தங்கச்சிக்கும் அடுத்த வாரம் பிரசவம்னு தேதி குறிச்சிருக்காங்க. அவளுக்கும் நீங்கதானேம்மா பாப்பீங்க?"

பிச்சம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். ஜெஸிந்தாவும் பின்னாலேயே வந்தார்.

"வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேன் சிஸ்டர். வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

"இந்த மலைக்கு ஆள் வர ஆறு மாசம் ஆகும்."

"அப்ப அடுத்த வாரம் நீங்களாவது வந்து நிக்கக் கூடாதா?"

ஜெஸிந்தா தன் பையிலிருந்து, பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் குழந்தைப் பொம்மையை எடுத்து பெஞ்சில் கிடத்தினார்.

"நான் அப்போ வேற மலையில இருப்பேன். போனை எடுங்கக்கா. அந்தப் பாடத்தை இப்ப நீங்களே பாருங்க."