அரைச் சுற்று

தூத்துக்குடியில் பழைய கார்களைப் பிரித்து மாட்டும் பட்டறை ஒன்றை நடத்திவந்தாள் பிலோமினா. வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்க வந்த சங்கரபாண்டியனுக்கு ஐம்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் இயந்திரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். அவளை அவர் மேஸ்திரி என்பார். அவள் அவரை சார் என்பாள்.

அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தன் அப்பா ஓட்டிய காரின் முன்பக்க ஸ்பிரிங்கை வீட்டு ஷெட்டில் தனியாகவே கழற்றப் பார்த்தார். ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளை எடுத்தார். ஜாக்கி வழுக்கியது. ஸ்பிரிங் அவர் காதோரம் பறந்து தகரக் கதவைக் கிழித்தது. 

பறந்தது வலது பக்க ஸ்பிரிங்; இடது பக்கம் பாக்கி இருந்தது. காரை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன் மேஸ்திரி. அதுக்குள்ள எத்தனை கிலோ விசை இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்னு ஸ்பிரிங்குக்குத் தெரியுமா சார்?”

அவள் காரை ஸ்டாண்டில் நிறுத்தினாள். ஸ்பிரிங் வளையங்களுக்குள் சங்கிலியை விட்டுச் சட்டத்தோடு பூட்டினாள். தட்டில் நான்கு போல்ட். எதிரெதிர் மூலையில் இரண்டை எடுத்துவிட்டு, அங்கே முழ நீளத்துக்கு மரை போட்ட கம்பிகளைச் செருகி நட்டை இறுக்கினாள். பிறகு மற்ற இரண்டையும் எடுத்தாள். ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

“நட்டை இந்தப் பக்கம் அரைச் சுற்று தளர்த்துங்க. அந்தப் பக்கம் அரைச் சுற்று. உங்க தலை வெளியிலேயே இருக்கட்டும்.”

முதலில் அவர் ஒவ்வொரு அரைச் சுற்றையும் எண்ணித் திருப்பினார். ஐம்பது அறுபது முறை திருப்பியதும் பயம் விட்டது. அதன்பின் ஒரே பக்கம் நாலைந்து சுற்று விட்டார். தட்டு கிறீச்சென்று சாய்ந்தது.

“முக்கால்வாசி இறங்கிருச்சு. கம்பியால நெம்பிவிட்டா விழுந்துரும்” என்று குனிந்து தலையை உள்ளே கொடுத்தார்.

பிலோமினா அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த செல்போனை எடுத்து, அவர் தலை இருந்த இடத்தில் வைத்தாள்.

“இப்ப நெம்புங்க.”

“ஐயோ, புது போன்!”



சங்கரபாண்டியன் போனைப் பார்த்தார். நெம்புகம்பியைக் கீழே வைத்தார். தளர்த்திய பக்கத்தை மறுபடி முறுக்கினார். தட்டு நேரானது. மீண்டும் அரைச் சுற்று, அரைச் சுற்று.

கடைசியில் ஸ்பிரிங் தொளதொளத்து நின்றது. அவள் சங்கிலியைக் கழற்றினாள். அவர் அதைக் கையால் எடுத்து மேஜைமேல் வைத்தார். முகம் முழுக்க வியர்வை, சிரிப்பு.

“ரெண்டு மணி நேரம் ஆயிருச்சே மேஸ்திரி. இதைவிட வேகமாச் செய்ய முடியாதா?”

“செய்யலாமே.”

“எவ்வளவு வேகமா?”

“தப்புன்னு தெரிஞ்சதும் திரும்ப முறுக்க முடியணும் சார். அவ்வளவு வேகமா.”