ஏலக்காய் மூட்டைக்கு மஞ்சள் நூல்

கேளுங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பட்டினம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அவர் கட்டிய மருத்துவச்சாலையைத்தான் சொல்வார்கள். அங்கே காய்ச்சும் கஷாயத்துக்கு வருஷம் ஒருமுறை ஏலக்காய் வாங்குவார்கள்.

காயைத் தேர்ந்தெடுப்பவள் பூவாத்தாள். தேர்வு நாளில் அவள் தலையில் பூ வைக்கமாட்டாள், வெற்றிலை போடமாட்டாள், உப்பில்லாத கஞ்சிதான் குடிப்பாள். காயைப் பிளப்பாள், முகர்வாள், விதையைக் கடிப்பாள். நல்ல மூட்டைகளின் வாயில் மஞ்சள் நூல் கட்டுவாள். அவள் நூல் கட்டிய மூட்டையை அப்புறம் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு வருஷம் அவளுக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகை மணக்கவில்லை. கற்பூரம் மணக்கவில்லை. கருவாடுகூட நாறவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அந்த வேலையும் போனால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

தேர்வு நாள் வந்தது. மூன்று வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்: கூத்தன், மலையிலிருந்து இறங்கிவந்த உலகி, வாயாடிப் பேராண்டி.

கூத்தனின் காயைப் பிளந்தாள், முகர்ந்தாள், கடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. உலகியின் காயைப் பிளந்தாள், முகர்ந்தாள், கடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. பேராண்டியின் காய் பச்சைப்பசேலென்று மூன்றிலும் அழகாக இருந்தது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

"என்னக்கா, சாமியாடி மாதிரி கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்க? என் சரக்கு வாசத்துல மயக்கம் வந்திருச்சா?" என்றான் பேராண்டி.

அழகான மூட்டைக்கு நூலைக் கட்டிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தைலத்தை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் மணமற்ற சக்கைக் காயையும் சாயத்தில் தோய்த்துப் பச்சையாக்கிவிடலாம். அது கஷாயத்தில் விழுந்தால், பாயில் படுத்துக்கிடப்பவர்கள் வெறுந்தண்ணீரையல்லவா மருந்தென்று குடிப்பார்கள்?

"என் மூக்கு செத்துப்போச்சு," என்றாள் பூவாத்தாள். "இத்தனை வருஷம் என் சொல்லை நம்புனீங்க. இன்னிக்கு நான் உங்களை நம்புறேன். நோயாளிக்குக் கொடுக்கலாம்னா, அவங்கவங்க மூட்டைக்கு அவங்கவங்களே கட்டுங்க."

நூலை மூன்றாக அறுத்துக் கொடுத்தாள்.

கூத்தன் கட்டினான். உலகி தன் காயை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டினாள். பேராண்டி நூலைச் சுற்றினான், முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினான், விழவில்லை. மூன்றாம் முறை கையை எடுத்துவிட்டான்.

"இது சக்கைக்கா. சாயம் போட்டது. போன வாரம் உங்க வீட்டுல பால் தீஞ்ச வாசம் தெருவுக்கே வந்துச்சு. நீங்க மட்டும் அடுப்புக்கிட்டயே உட்கார்ந்து பாடிக்கிட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் துணிஞ்சு கொண்டாந்தேன்."

சத்தம் கேட்டு மருத்துவச்சாலை அதிகாரி வந்தார். நடந்ததையெல்லாம் விசாரித்தார். "வாசனை தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார்.

பேராண்டிதான் பதில் சொன்னான். "இந்தம்மாவை ஏமாத்தத்தான் வந்தேன், ஐயா. முடியலையே."

அதிகாரி அந்தச் சாய மூட்டையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு பூவாத்தாளைப் பார்த்து, "முகர்ந்து பார்க்க ஆள் கிடைக்கும். நீ இரு, அம்மா," என்றார்.

தன் குறையை மறைக்காமல் சொல்லி நம்புகிறவர் முன்னால், பொய் பேச வந்தவனுக்கும் பொய் பேச மனம் வராது.