கானமயிலுக்காக நட்ட கழுமரம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பொட்டல் நாட்டைச் சிங்கேறு பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆட்டிப்படைத்தான் என்பதே சரி. ஆடி மாத வேட்டையில் முதலில் விழும் பறவையின் இறகு அந்த வருஷம் முழுக்க அவன் கிரீடத்தில் இருக்கும். உடல் மடைப்பள்ளிக்குப் போகும். என்ன பறவை என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஐப்பசியில் கானமயில் என்னும் அரிய பெரும்பறவையைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "கண்டேன் என்பவன் காட்டவும் வேண்டும். காட்டாவிட்டால் கழுமரம்!" என்று முரசறையச் சொன்னான். குருவி பிடிக்கும் கொப்பையன் சூதுவாது தெரியாதவன். நேரே போய், "நான் பார்த்தேன் சாமி" என்றான். பதினைந்து நாள் தேடியும் பறவை அகப்படவில்லை. பொட்டலிலேயே கழுமரம் நட்டு, அவனைக் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

அவன் மனைவி சடைச்சி கழுமரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள்.

ஒரு குருவிக்காரன் தன்னை முந்திக்கொண்டதில் அரசவைப் பண்டிதர் வேங்கடராயருக்கு வயிற்றெரிச்சல். "மகாராஜா, இவன் புளுகன். கானமயில் அதோ!" என்று வேலமரத்தைக் காட்டினார். கிளையில் ஒரு பெரிய பறவை. கறுப்புக் கொண்டை, வெள்ளைக் கழுத்து, பழுப்பு முதுகு. ராஜா கைதட்டினான்.

"இவனைக் கழுவில் ஏற்றுங்கள்!"

"சாமி, அது சாயம் பூசின நாரை!" சடைச்சி கத்திவிட்டாள். "கானமயிலு மரத்துல ஒக்காராது."

"உன்னைக் கேட்டுக்கொண்டுதான் உட்காருமோ?" என்றார் ராயர்.

"அதுக்குப் பின்விரலே கிடையாது ஐயா. முன்னால மூணு விரலுதான். கெளையை எதால புடிக்கும்? ஆயுசுக்கும் அதுக்குத் தரைதான்."

பறவையை இறக்கினார்கள். காலுக்கு நாலு விரல். தண்ணீர் ஊற்றியதும் சாயம் வழிந்தது.

ராஜா அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். "அப்படியானால் நிஜமானது எங்கே? காட்டு. இல்லையென்றால் உனக்கும் ஒரு கழு."

கிரீடத்து இறகு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. மடியிலிருந்து ஓர் இறகை எடுத்தாள்.

"அது ஆடுன எடத்துல எம் புருசன் பொறுக்குனது. உங்க கிரீடத்தைக் கழட்டிப் பாருங்க சாமி."

இரண்டையும் சேர்த்துப் பிடித்தான். அதே பழுப்பு, அதே மெல்லிய கறுப்புக் கோடுகள்.

"ஆடியில அவரு அதைப் பாத்தாரு. மறுநாள் நீங்க வேட்டைக்கு வந்தீங்க. காட்டச் சொன்னீங்க, காட்டிட்டேன்."

"தின்றும் விட்டேனா?" என்றான் ராஜா. கூட வந்திருந்த மடைப்பள்ளிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

கொப்பையனின் கட்டை அவிழ்த்தார்கள். அந்தப் பொட்டலையே ராஜா சடைச்சிக்கு மானியமாகக் கொடுத்தான். ராயரை அதே முள்மரக் கிளையில் ஏற்றி, "அந்திவரை உட்காரும். விழுந்தால் கழுமரம் காலியாகத்தான் இருக்கிறது" என்றான்.

பிறகு குரல் தழைந்து கேட்டான்: "இதற்கு ஜோடி இருக்கிறதா? உயிரோடு ஒருதரம் பார்க்க வேண்டும்." கேட்கும்போதே அவன் கை பழக்கத்தில் வில்லைத் தடவியது.

அவன் முதுகுக்குப் பின்னால், தூரத்தில், புல் விலகியது. ஒரு பெட்டைக் கானமயில் கழுத்தை நீட்டி நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் பார்த்தார்கள்.

"இல்லைங்க சாமி. அதுதான் கடைசி" என்றாள் சடைச்சி.

ராஜா கொப்பையன் பக்கம் திரும்பினான்.

"நானும் பாக்கலைங்க சாமி" என்றான், சூதுவாது தெரியாத கொப்பையன்.